'மறதி' என்று முதியவர் சொல்லும்போது

அறுபதைக் கடந்த ஒருவர் "இப்போதெல்லாம் நினைவு நிற்பதில்லை" என்று சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "வயதானால் அப்படித்தான்" என்று சிரித்து நகர்கிறார். அல்லது மூளைநோயின் முதல் அறிகுறி என்று அஞ்சுகிறார். முன்னது வீடுகளின் வழக்கம். பின்னது நகரத்து மருத்துவமனைகளின் வழக்கம்; அண்மைக்காலத்தில் செய்தித்தாள்களின் வழக்கமும் ஆகிவிட்டது. இரண்டிலும் முதியவர் சொன்ன வாக்கியம் மட்டும் கேட்கப்படாமல் போகிறது. எதை மறந்தார், அதனால் அவர் வாழ்வில் எது நின்றுபோயிற்று என்று யாரும் வினவுவதில்லை.

முதியோர் தாமே உணரும் நினைவுச் சரிவையும் அவர்களது வாழ்க்கைத் தரத்தையும் இணைத்து நடக்கும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. உளவியல், சமூகப்பணி, செவிலியம், மொழியியல் எனப் பல துறை மாணவர்கள் இத்தலைப்பை எடுக்கிறார்கள். ஆனால் இரண்டு வினாத்தாள்களை மொழிபெயர்த்து, நூறு பேரிடம் நிரப்பி, இரு மதிப்பெண்களுக்கும் எதிர்மறைத் தொடர்பு உண்டு என்று முடிக்கும் ஆய்வு, முதியவரின் வாக்கியத்தைக் கேட்டதாகாது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் குப்பத்தை மனத்தில் வைத்து இதைச் சிந்தித்தால் குறை எங்கே என்பது தெளிவாகும்.

முதலில் சொற்கள். குப்பத்துச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே உரையாடலுக்குள் கலந்து வருவது இயல்பு. தமிழின் மறதி, தெலுங்கின் மதிமருப்பு, கன்னடத்தின் மரெவு ஆகிய மூன்றும் ஒரே திராவிட வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் முதியவரின் மறதியைக் குறிக்க வீடுகளில் புழங்கும் சொற்கள் வேறு. கன்னடத்தில் அறுபதுக்கு 'அரளு மரளு' என்பது பழமொழி. ஈழத்தமிழில் 'அறளை பெயர்தல்' என்பார்கள். தெலுங்கில், சொன்னதையே சொல்லி விடாப்பிடியாக நிற்கும் முதியவரின் பேச்சு 'சாதஸ்தம்' ஆகிவிடுகிறது. வடக்கே, இந்தியில், அறுபதாகிவிட்டது என்பதே அறிவு தடுமாறியது என்ற பொருள் தரும் வினையாகியிருக்கிறது. வாரணாசியில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1998இல் வெளியிட்ட நூலில் அச்சொல்லை விரிவாக ஆராய்ந்தார். கேரளத்தில் குழந்தைத்தனம் என்று பொருள்படும் 'சின்னன்' என்ற சொல் மறதிநோயின் அடையாளங்களுக்கு வழங்குவதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

இச்சொற்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவை அனைத்தும் பிறர் முதியவரைப் பற்றிச் சொல்பவை. எந்த முதியவரும் தம்மைப் பற்றி "எனக்கு அரளு மரளு" என்று வருந்திச் சொல்வதில்லை. சொன்னால் அது நகைச்சுவையாக இருக்கும். தமது நினைவு தளர்வதை உள்ளிருந்து உணர்பவருக்கு, ஏளனமும் அச்சமும் கலவாத சொல் ஒன்றை நம் மொழிகள் எளிதில் தருவதில்லை. ஆகவே தன்னுணர் நினைவுச் சரிவு என்ற ஆய்வுக் கருத்து இங்கே வந்து சேரும்போது, அதற்குரிய பேச்சு வழக்கு காத்திருக்கவில்லை. ஆய்வாளரின் முதல் பணி இந்த வெற்றிடத்தை உணர்வதுதான்.

அந்தக் கருத்தின் வரலாறு நீண்டதன்று. பேரி ரெய்ஸ்பெர்க்கும் உடனாய்வாளர்களும் 1982இல் வகுத்த சரிவுநிலை அளவுகோலில், சோதனைகளில் குறை தெரியாத நிலையிலேயே மனிதர் தம் மறதியைச் சொல்லத் தொடங்குவது இரண்டாம் படிநிலையாக வைக்கப்பட்டது. 2014இல் பிராங்க் யெசன் தலைமையிலான பன்னாட்டுக் குழு இதற்கு வரையறை தந்தது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிடும்போது தம் அறிதிறன் தொடர்ந்து குறைந்துவருவதாக ஒருவர் உணர வேண்டும். முறையான சோதனைகளிலோ அவர் மதிப்பெண் வயதுக்கும் கல்விக்கும் உரிய அளவில் இருக்க வேண்டும். அதாவது கருவி காணாததை மனிதர் காணும் நிலை இது.

இந்த உணர்வுக்கு மருத்துவப் பொருள் உண்டா? உண்டு, ஆனால் அஞ்சும் அளவுக்கு இல்லை. அலெக்ஸ் மிட்செலும் பிறரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மறதியை முறையிடும் முதியோரில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 2.3 பேர் டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்கு ஆளாகிறார்கள், முறையிடாதவரில் ஒருவர். இடர் இரு மடங்கு என்பது உண்மை. ஓராண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் நோய்க்குச் செல்வதில்லை என்பதும் அதே எண்ணிலிருந்து கிடைக்கும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பரப்புவோர் அச்சத்தைப் பரப்புகிறார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வோர் 'வயதானால் அப்படித்தான்' என்ற பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள்.

முறையீடு இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதற்குக் குப்பத்துக்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் சில மணி நேரத்தில் சென்றடையும் வேலூரின் கிராமப்புறம், 10/66 என்ற ஆய்வுக் குழுவின் களங்களில் ஒன்று. உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வோ மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற குறைபாட்டையே அக்குழு தன் பெயராகக் கொண்டது. சென்னை அதன் நகர்ப்புறக் களம். 2008இல் லான்செட் இதழில் அக்குழு வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் அன்றைய வரையறைப்படி கணக்கிட்டால் 65 வயதைக் கடந்தோரில் மறதிநோய் விகிதம் கியூபாவில் 6.3 விழுக்காடாக இருக்க, இந்தியக் கிராமப்புறக் களத்தில் வெறும் 0.3 விழுக்காடாக இருந்தது. குழு தானே உருவாக்கிய முறையால் கணக்கிட்டபோதோ அந்தக் கிராமங்களின் விகிதம் பன்மடங்கு உயர்ந்தது.

ஒரே முதியோர், ஒரே நேர்காணல். எண்கள் மட்டும் எங்கோ நிற்கின்றன. அன்றைய வரையறை, நினைவுக் குறைவு மட்டும் போதாது, அது அன்றாட வாழ்வையும் பணியையும் பாதித்திருக்க வேண்டும் என்று கேட்டது. பாதிப்பு உண்டா என்பதைக் குடும்பத்தினர் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் முதியவரின் வேலைகள் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்கு மாறியிருக்கும். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லாதவர் எதைச் செய்யத் தவறினார் என்று மருமகள் சொல்வார்? "ஒன்றும் குறையில்லை, நன்றாக இருக்கிறார்" என்பதே விடை. அது பொய்யும் அன்று. எனினும் அந்த விடை நோயை மறைத்தது.

வாழ்க்கைத் தரம் பற்றிய வினா இங்கேதான் உண்மையில் பிறக்கிறது. எடுத்துக்காட்டாகக் குப்பம், பலமநேர் வட்டாரங்களில் நடக்கும் பட்டுப்புழு வளர்ப்பை நோக்கலாம். புழு கூடு கட்டும் வரையான ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிப்பின்போது மல்பெரி இலை போடக்கூடாது. விழித்தவுடன் காலம் தவறாமல் போட வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதாமல் மனத்தில் வைத்து வளர்ப்புமனையை ஆண்ட மூதாட்டி ஒருவர் ஒருமுறை வேளை தவறினால் தட்டுகள் பாழாகும். வீட்டுக்குக் கடன் மிஞ்சும். அடுத்த வளர்ப்பின்போது மகன் கடிந்துகொள்ள மாட்டார். "நீ ஓய்வாக இரும்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். அன்பான சொல்தான். அன்றோடு அவர் கையிலிருந்து வளர்ப்புமனை போயிற்று. பிறகு பால் கணக்கு போகும். பெட்டிச் சாவி போகும். யாருக்கு எவ்வளவு மொய் எழுத வேண்டும் என்று அவரிடம் கேட்கும் வழக்கமும் போகும். நினைவில் ஏற்பட்ட சிறு விரிசலைவிட, அதன் பேரில் குடும்பம் திரும்பப் பெற்றுக்கொண்ட பொறுப்புகளே அவர் வாழ்வைச் சுருக்கின.

இதனால் எழும் ஓர் ஊகம் ஆராயத்தக்கது. "மறதி வந்துவிட்டது" என்று சொல்லும் முதியவர் பல வேளைகளில், "என்னை எதற்கும் கேட்பதில்லை" என்பதையே வேறு சொற்களில் சொல்கிறார். அதேபோல், மறதியை உணர்ந்தும் அதைச் சொல்லாமல் மறைப்பவர், கையில் எஞ்சியுள்ள ஒரு சாவியையும் இழந்துவிடக்கூடும் என்று அஞ்சுகிறார். ஓய்வூதியப் பணம், கைபேசியில் வரும் கடவு எண், வங்கி அட்டையின் நான்கு இலக்கம் ஆகியவை நினைவை நாள்தோறும் சோதிக்கும் இக்காலத்தில் அந்த அச்சம் பெருகியிருக்கும். மௌனத்தை நலம் என்று படிக்கும் ஆய்வு இவரைத் தவறவிடும்.

வினாத்தாள்களின் சிக்கலுக்கு வரலாம். மேலைநாடுகளில் உருவான நினைவு வினாத்தாள்கள் பொதுவாக, புதிதாக அறிமுகமானவரின் பெயரை மறக்கிறீர்களா, படித்த பகுதியை மீண்டும் படிக்க நேர்கிறதா, சந்திப்புக்குக் குறித்த நேரத்தை மறக்கிறீர்களா என்று கேட்கும். குப்பத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒருவர் மற்றவரை அண்ணன், அக்கா, மாமா, வதினை என்று உறவு சொல்லி அழைப்பதே வழக்கம். பெயர் மறந்தாலும் உறவுச் சொல் காப்பாற்றிவிடும். எழுத்தறியாதவருக்குப் படித்த பகுதி என்று ஒன்றில்லை. இவ்வினாக்களுக்கு அவர் "இல்லை" என்று விடையளித்தால் அவருக்கு மறதி இல்லை என்று பொருளாகாது. அந்த வினா அவர் வாழ்வைத் தொடவில்லை என்றே பொருள். எழுதப் படிக்கத் தெரியாதோரின் அறிதிறனை அளக்க மேரி கங்குலியும் உடனாய்வாளர்களும் ஹரியானாவின் பல்லப்கரில் பணியாற்றி, 1995இல் இந்தி அளவுகோலை வெளியிட்டபோது எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. அவர்கள் மொழிபெயர்ப்போடு நிற்காமல் வினாக்களையே மாற்றியமைத்தனர்.

மொழி இன்னொரு சிக்கல். இருமொழியாளருக்குச் சொல் நாவின் நுனியில் நின்று வெளிவராத நிலை ஒருமொழியாளரைவிட அதிகம் நேர்வது உளமொழியியலில் நன்கு பதிவானது. அது நோயின் அடையாளமன்று. இரு சொற்களஞ்சியங்களைச் சுமப்பதன் விலை. மும்மொழி பேசும் குப்பத்து முதியவர் "சொல் வரமாட்டேன் என்கிறது" என்றால், அதைச் சரிவாக எண்ணும் அளவுகோல் அவரது செல்வத்தையே குறையாகக் காட்டும். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் உடனாய்வாளர்களும் மறதிநோயாளர் 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவையும் இங்கே நினைக்க வேண்டும். இருமொழியாளருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதித்துத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் அந்த வேறுபாடு காணப்பட்டது. பிற நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்பவில்லை. மூன்றாம் மொழியால் கூடுதல் பயன் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனினும் மொழிப் பின்னணியைக் கேட்டறியாமல் நினைவை அளக்கலாகாது என்பதற்கு அது போதிய சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிதிறன் சோதனைத் தொகுப்பை முதலில் ஐந்து மொழிகளில் உருவாக்கியபோது தெலுங்கும் கன்னடமும் அதில் இடம்பெற்றன. தமிழ் அந்த முதல் ஐந்தில் இல்லை. எல்லையோரத்து முதியவரை எந்த மொழியில் சோதிப்பது என்பதை அவரது சிந்தனை மொழி தீர்மானிக்க வேண்டும். மாநிலத்தின் ஆட்சிமொழி தீர்மானிக்கலாகாது.

குடும்பத்தினர் முறையீட்டை நம்பாமல் போவதற்கும் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டத்தின் திரௌபதியம்மன், தர்மராஜர் கோயில்களில் பாரத விழா நெடுநாள் நடக்கும். இளமை முதல் அதைக் கேட்டு வளர்ந்த முதியவர் சூதாட்டம் முதல் துரியோதனன் வதம் வரை வரிசை பிறழாமல் சொல்வார். "பாரதம் முழுவதும் சொல்கிறவருக்கு மறதியா?" என்று வீட்டார் கேட்பது இயல்பு. ஆனால் பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ 1881லேயே காட்டியதுபோல, நினைவு தளரும்போது புதியது முதலில் போகும். பழையது கடைசிவரை நிற்கும். துரியோதனனை நினைவில் வைத்திருப்பவர் இன்று காலை மாத்திரை விழுங்கியதை மறந்திருக்கலாம். அவர் தாமே அதை உணர்ந்து சொல்லும்போது நம்புவதே முறை.

இனி, வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முறை. உலக நலவாழ்வு அமைப்பு 1990களில் தந்த வரையறை, தாம் வாழும் பண்பாட்டுக்கும் விழுமியங்களுக்கும் உட்பட்டு, தம் குறிக்கோள்களோடும் எதிர்பார்ப்புகளோடும் ஒப்பிட்டுத் தம் நிலையை ஒருவர் எவ்வாறு காண்கிறார் என்பதையே வாழ்க்கைத் தரம் என்கிறது. அந்த அளவுகோலை உருவாக்கிய மையங்களில் சென்னையும் புதுதில்லியும் இருந்தன. முதியோருக்கெனப் பின்னர் வந்த துணை அளவுகோல் புலன்திறன், தன்னுரிமை, சமூகப் பங்கேற்பு, சாவு பற்றிய எண்ணம் முதலிய ஆறு கூறுகளைக் கேட்கிறது. மேலே சொன்ன வளர்ப்புமனைச் சாவி இதில் தன்னுரிமை என்ற கூறுக்குள் வரும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் தரும் ஆய்வு அந்தச் சாவியைத் தொலைத்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை, தொடர்பைக் காரணமாகப் படிப்பது. மறதியை முறையிடுவோரின் வாழ்க்கைத் தரம் குறைவு என்று காணும் ஆய்வு, மறதியே தரத்தைக் குறைத்தது என்று முடித்துவிடுகிறது. ஆனால் தாமே உணரும் மறதி, சோதனை மதிப்பெண்ணோடு பொருந்துவதைவிட மனச்சோர்வோடு நெருக்கமாகப் பொருந்துவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முதியோர் மனச்சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் யெசாவேஜ் அளவுகோலின் பதினைந்து வினாக்களில் ஒன்று, பிறரைவிட உமக்கு நினைவுச் சிக்கல் அதிகமா என்பதே. மறதி முறையீட்டையும் அந்த அளவுகோலையும் ஒரே ஆய்வில் வைத்துத் தொடர்பு கண்டால், ஒரு பகுதி, ஒரே வினாவை இருமுறை கேட்டதன் விளைவு. மகன் பெங்களூருக்கும் மகள் சென்னைக்கும் போனபின் வீட்டில் தனித்திருப்பவருக்குத் தனிமையே மறதியாகவும் தரக்குறைவாகவும் இரு முகம் காட்டியிருக்கலாம். அதைப் பிரித்தறியாத முடிவுரை எவருக்கும் உதவாது.

பிரித்தறிவது மாணவரின் நேர்மைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. முதியவருக்கு அதில் பெரும்பயன் இருக்கிறது. மறதி என்று வருவோரில் பலரிடம் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கும். காது சரியாகக் கேட்காதவர், சொன்னதை மறந்தவராகத் தோன்றுவார். கேளாதது நினைவில் பதிய வழியில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கமின்மை, கட்டுப்படாத நீரிழிவு, ஒவ்வாமைக்கும் உறக்கத்துக்கும் விழுங்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வு ஆகியவை நினைவை மங்கச் செய்யும். 2024இல் லான்செட் ஆணையம், மாற்றத்தக்க 14 காரணிகளை எதிர்கொண்டால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. செவித்திறன் இழப்பும் சமூகத் தனிமையும் முன்பே பட்டியலில் இருந்தன. பார்வைக் குறைவும் கெட்ட கொழுப்பும் அவ்வாண்டு சேர்க்கப்பட்டன. ஒரு கண்புரை அறுவையும் ஒரு காதுக்கருவியும் முதியவரை மீண்டும் திண்ணைப் பேச்சுக்குக் கொண்டுவர இயலுமெனில், "மறதி" என்ற அவரது ஒரு சொல்லைத் தட்டிக்கழித்ததன் இழப்பு எவ்வளவு என்பது புரியும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். கேட்கத் தொடங்கினால் எல்லோரும் மறதி என்பார்கள். இல்லாத அச்சம் பரவும். மருத்துவர் பற்றாக்குறையுள்ள நாட்டில் மருத்துவமனை வரிசை நீளும். வாதத்தில் உண்மை இருக்கிறது. 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள். நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆணைவிடப் பெண்ணிடத்தும் விகிதம் மிகுதி. இவர்களுக்கே போதிய பராமரிப்பு இல்லாதபோது முறையிடும் அனைவரையும் மூளைப்படம் எடுக்க அனுப்புவது அறிவுடைமையாகாது. ஆனால் கேட்பதும் மூளைப்படம் எடுப்பதும் ஒன்றல்ல. காதையும் கண்ணையும் மாத்திரைகளையும் மனநிலையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். அச்சம் பரவுவது கேட்பதால் அன்று. கேட்டுவிட்டு விடை சொல்லாமல் விடுவதால்.

ஆய்வு மாணவர் செய்யத்தக்கவை நான்கு. வினாத்தாளுக்கு முன், அந்த ஊரில் நினைவு எதற்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்று சில வாரம் கவனித்து எழுதுதல். "மறக்கிறீர்களா" என்பதோடு நில்லாமல், "முன்பு நீங்கள் பார்த்துக்கொண்ட எந்த வேலை இப்போது உங்கள் கையில் இல்லை, அதை யார், எப்போது எடுத்துக்கொண்டார்" என்று கேட்டல். முதியவர் கனவிலும் கணக்கிலும் பயன்படுத்தும் மொழி எதுவோ அதிலேயே உரையாடுதல். மனச்சோர்வையும் செவித்திறனையும் தனியே அளந்து, குறை கண்டவரை உரிய இடத்துக்கு அனுப்புதல். நான்காவதைச் செய்யாத ஆய்வு முதியவரிடமிருந்து பெற்றுக்கொண்டதே தவிர, அவருக்கு எதையும் தரவில்லை.

இப்பணிக்குக் குப்பம் மிகப் பொருத்தமான ஊர். திராவிட மொழிகளை ஒன்றாக ஆராயவென்றே 1997இல் ஆந்திர அரசு, அண்டை மாநிலங்களின் துணையோடு அங்கே திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதே ஊரில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. மொழி அறிந்தோரும் மருத்துவம் அறிந்தோரும் ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கும் இடம் இந்தியாவில் பல இருக்கலாம். மூன்று மொழி முதியோரும் அதே தொலைவில் வாழும் இடங்கள் மிகச் சில. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏளனமின்றி மறதியைக் கேட்கும் பத்து வினாக்களை இவ்விரு நிறுவனங்களின் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கினால், அது ஓசூருக்கும் கோலாருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பயன்படும்.

அந்த வினாக்கள் வரும் வரையிலும் ஒன்றைச் செய்யலாம். வீட்டு முதியவர் "மறந்துபோகிறது" என்று சொன்னால், "எது மறந்தது?" என்று கேட்டு, விடை முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். அவர் கையிலிருந்து எடுத்த வேலைகளில் எதைத் திருப்பித் தரலாம் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.